தலை மினுங்குது, தண்டு தீக்குச்சி: பைபர் தோணியில் போல்ட்டு, ரிவெட்டு மாத்தின அனுபவம் சொல்லுங்க

மணக்குடிக்காரன்:
ரெண்டு பைபர் தோலுக்கு நடுவுல ஃபோம் வச்ச பதினைஞ்சடி தோணி. பொழிக்கு, அதான் ஆறு கடல்ல சேருற இடத்துக்கு, பக்கத்துல ஓடுறது. பின் இருக்கை ஒரு பக்கமா இறங்கிட்டு. விளிம்புச் சட்டத்துல இருந்து இருக்கையைத் தாங்குற நாலு போல்ட்டுல ஒண்ணு அறுந்திருக்கு. மேல பாத்தா தலை மினுங்குது, கீழ நட்டுக்கும் ஒண்ணும் ஆகல. தட்டி வெளிய எடுத்தா, நடுவுல மரக்கட்டைக்குள்ள கிடந்த ஒண்ணரை இஞ்சு தீக்குச்சி கனத்துக்குக் கரைஞ்சு கருத்துப் போயிருக்கு. தலையில 'ஏ2-70'னு குத்தியிருந்தது, அதாவது 304 ரக எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்). உப்புத்தண்ணிக்கு ஏ4, அதாவது 316 ரகம்தான் வேணும். மத்த மூணையும் கழட்டினதுல ரெண்டுக்கு அதே கதி. முன் இருக்கையையும் சேத்து எட்டையும் மாத்துறதுதான் சரி.

பேச்சிப்பாறை:
அண்ணாச்சி, பழியை 304 மேல போடாதீங்க. எஸ்எஸ் துருப்பிடிக்காம இருக்கது மேல உள்ள மெல்லிய தோலால. அந்தத் தோல் நிலைக்கக் காத்து வேணும். நனைஞ்ச மரத் துளைக்குள்ள காத்து ஏது? 316 போட்டாலும் கரையும், கொஞ்சம் மெதுவா. குத்தம் துளையில இருக்கு. 6 மில்லி போல்ட்டுக்கு 8 மில்லி துளை போட்டு, மரத்தை ரெண்டு நாள் காயவிட்டு, உள்சுவருக்கு எபாக்சி (ஹார்ட்னர் கலந்து இறுகுற ரெசின்) ரெண்டு தடவை பூசணும். மாட்டும்போது தலைக்கடியில தண்ணி இறங்காம அடைக்கிற பாலியூரித்தேன் சீலன்ட். சிலிக்கான் வேண்டவே வேண்டாம், அது பட்ட இடத்துல பிறகு ரெசினும் ஒட்டாது, பெயின்டும் ஒட்டாது. எங்க அணைத்தண்ணிக்கு 304 தாராளம்.

தேங்காய்ப்பட்டணம்:
இங்க வந்த தோணி கார்பன் துணி போட்டது, விளிம்பு அலுமினியம். 4.8 மில்லி அலுமினிய ரிவெட்டு ஒவ்வொண்ணு சுத்தியும் வெள்ளைப் பொடி. விரலால தள்ளினாலே ஆடுது. உப்புத்தண்ணியில கார்பனும் அலுமினியமும் தொட்டுக்கிட்டு இருந்தா அலுமினியம் தின்னப்படும். கண்ணாடி நாருக்கு இந்தத் தொல்லை இல்ல. பழசை எடுக்க 5 மில்லி பிட்டால தலையை மட்டும் துளைங்க. ரிவெட்டு கூடவே சுத்தினா தலையோரத்துல பட்டை ஸ்குரூடிரைவரை அழுத்திப் பிடிங்க, இல்லேன்னா துளை பெருத்துடும். புதுசு போடுமுன்னே கார்பனுக்கும் விளிம்புக்கும் நடுவுல கண்ணாடி நார்த் துணி ஒரு அடுக்கு, ரிவெட்டைச் சீலன்ட்டுல முக்கி அடி, பின்பக்கம் அகல வாஷர். வாஷர் இல்லாம இழுத்தா மெல்லிசு சுவரைக் கிழிச்சுக்கிட்டு வந்துடும்.

குளச்சல் பட்டறை:
மூணு பேரும் ஃபோமை மறந்துட்டீங்க. காலுதைப்புக் கட்டைக்குப் பக்கச் சுவர்ல நேரடியா போல்ட்டு போட்டு இறுக்கினா ஃபோம் நசுங்கி வெளிய குழி விழும், துளை வழியா தண்ணி இறங்கும். உள்பக்கத் தோலை மட்டும் 12 மில்லிக்குத் துளைச்சு, வளைச்ச ஆணியை ட்ரில்லுல மாட்டிச் சுத்த விட்டு, துளை ஓரத்துல இருந்து எல்லாப் பக்கமும் இன்னும் 8 மில்லி அகலத்துக்கு ஃபோமைச் சுரண்டணும். எபாக்சியில சிலிக்கா பொடி கலந்து, கடலை உருண்டைப் பாகு பதத்துல அடைச்சு, ஒரு நாள் விட்டு, அதுல 6 மில்லித் துளை.

யாரும் கேக்கலதான், ஆனா சொல்லாம இருக்க முடியல. ஒரு தோணியில அணியத்து (முன்பக்க) மிதவை அறையில விரிசல். உள்ள தெர்மக்கோல். வள்ளத்துக்குப் போடுற சாதா பாலியெஸ்டர் ரெசினை ஊத்தி அடைச்சிருக்காங்க. மறுநாள் தட்டினா முரசு சத்தம். அறுத்துப் பாத்தா தெர்மக்கோல் இருந்த இடத்துல பிசுக்குக் கட்டி ஒண்ணு, மிச்சமெல்லாம் காலி. பாலியெஸ்டர்ல உள்ள ஸ்டைரீன் தெர்மக்கோலைக் கரைக்கும், எபாக்சி கரைக்காது. பழைய எபாக்சி மேல பாலியெஸ்டர் ஒழுங்கா ஒட்டவும் செய்யாது. மாறி, பாலியெஸ்டர் மேல எபாக்சி ஒட்டும்: 80 நம்பர் உப்புத்தாள் தேய்ச்சு, அசிட்டோன் துடைச்சா போதும். சாதா ரெசின்தான்னா நம்ம வெயிலுக்கு நூறு கிராமுக்கு ஒரு மில்லி ஹார்ட்னர் தாராளம். சீக்கிரம் இறுக வைக்கிற கோபால்ட்டை முதல்ல ரெசின்ல நல்லாக் கலந்த பிறகுதான் ஹார்ட்னர். ரெண்டையும் நேரா ஒண்ணாச் சேத்தா வெடிக்கும். எபாக்சிக்கு இந்தக் கணக்கு கிடையாது. டப்பாவுல போட்ட எடை விகிதத்தைத் தராசுல நிறுத்துக் கலக்கணும். ஹார்ட்னர் கூட்டினா சீக்கிரம் இறுகாது, காயாம ரப்பர் மாதிரி கிடக்கும். ஆனி ஆடி ஈரத்துல எபாக்சி மேல மெழுகு மாதிரி ஒரு படலம் வரும். வெந்நீர் துணியால துடைச்சுட்டுத்தான் அடுத்த பூச்சு.

மணக்குடிக்காரன்:
பேச்சிப்பாறை அண்ணாச்சி, துளை விஷயம் சரிதான். ஆனா ஏ4 போட்ட பக்கத்துத் தோணியில அஞ்சு வருஷம் கழிச்சும் தண்டு கருக்கல, துளையில எபாக்சியும் கிடையாது. இன்னொண்ணு: எஸ்எஸ் நைலாக் நட்டை (உள்ள நைலான் வளையம் வச்ச நட்டு) மெஷினால சுத்தினா மரை சூடாகிப் பிடிச்சுக்கும், அறுத்துத்தான் எடுக்கணும். மரைக்குக் கிரீஸ் தொட்டு ஸ்பேனரால முடுக்குங்க.

பேச்சிப்பாறை:
அஞ்சு வருஷம் பத்தாது. ஒண்ணைக் கழட்டிப் படம் போடுங்க, தலையை இல்ல, நடுத்தண்டை.