தென்னை நிழலில் நடைபாதைக்குச் சூரிய விளக்கு: எப்படி அமைப்பது?

கேள்வி (அருமனை)

எங்கள் வீடு அருமனைக்கு அருகே, சாலையிலிருந்து ஏறக்குறைய 30 மீட்டர் உள்ளே, தென்னையும் அயனியும் பலாவும் அடர்ந்த விளையின் நடுவில் இருக்கிறது. கேட்டிலிருந்து முற்றம் வரையுள்ள மண்பாதையில் கல் பதித்து, இருபுறமும் சூரிய ஒளியில் இயங்கும் விளக்குகளை நானே அமைக்க விரும்புகிறேன். அம்மா விடியற்காலை நாலரை மணிக்கே எழுந்து தொழுவத்துக்குப் போய், பிறகு பால் கொடுப்பதற்காகச் சாலைவரை நடப்பவர். மழைக்காலத்தில் அந்தப் பாதையில் பாம்பு கிடப்பது எங்களுக்குப் புதிதல்ல. மண்ணில் குத்தி வைக்கிற சிறிய சூரிய விளக்குகளை வாங்கி வைத்தோம். அவை இரவு ஒன்பது மணிக்குள் மங்கிவிடுகின்றன, ஆடி மாதத்திலோ எரிவதே இல்லை. இதே வகையில் விலை கூடியதை வாங்குவதா, அல்லது வேறு வழி உண்டா?

பதில் (மணவாளக்குறிச்சி, மின்பணி செய்பவர்)

தம்பி, விலை கூடியதை வாங்கினாலும் அந்த இடத்தில் பயன் இருக்காது. குத்தி வைக்கும் விளக்கில் பெரும்பாலும் இருப்பது 1.2 வோல்ட், 600 மில்லி ஆம்பியர் மணி அளவுள்ள ஒரே ஒரு சிறு பேட்டரி. அது முழுதாக நிறைந்தாலும் முக்கால் வாட் மணிகூடத் தேறாது. அதை நிறைக்க வேண்டிய சூரியப் பலகையோ உள்ளங்கைக்கும் சிறியது, அதுவும் விளக்கின் தலையிலேயே, மர நிழலில் இருக்கிறது. பலகையின் செல்கள் தொடராக இணைக்கப்பட்டவை என்பதால், ஓர் ஓலையின் நிழல் குறுக்கே விழுந்தாலே மின்சாரம் வெகுவாகக் குறைந்துவிடும். நம் குமரி மாவட்டத்துக்கு ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும், அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையும் கிடைப்பதால், மேகம் மூடிய நாட்களும் இங்கே அதிகம். ஆகவே, வெளிச்சம் வேண்டிய இடத்தையும் வெயில் கிடைக்கும் இடத்தையும் பிரித்துவிடுங்கள்: பலகை ஒன்றை மட்டும் வெயில் படும் உயரத்தில் வைத்து, அங்கிருந்து 12 வோல்ட் கம்பியைப் பாதைக்குக் கொண்டுவாருங்கள்.

கணக்கு எளிது. இரண்டரை மீட்டருக்கு ஒன்றாக, பக்கம் மாற்றி மாற்றி வைத்தால் 12 விளக்குகள் போதும். ஒவ்வொன்றும் 1 வாட். பலகை, பேட்டரி, விளக்குகள் மூன்றையும் இணைக்கிற கட்டுப்பாட்டுக் கருவியை (சார்ஜ் கன்ட்ரோலர்) நேரம் குறித்து வைக்கும் வசதியுள்ளதாகப் பார்த்து வாங்கி, மாலை ஆறரை முதல் பத்து வரையும், அம்மா எழும் நாலரை முதல் ஆறு வரையும் முழு வெளிச்சம், இடையில் மூன்றில் ஒரு பங்கு என்று அமைத்தால், ஓர் இரவுக்கு ஏறக்குறைய 86 வாட் மணி செலவாகும். 12.8 வோல்ட், 18 ஆம்பியர் மணி கொண்ட லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 230 வாட் மணி இருப்பதால், வெயிலே காணாத இரண்டு நாட்களை அது தாங்கும். பலகை 50 வாட்டுக்குக் குறைய வேண்டாம். ஈய அமில பேட்டரி விலை மலிவுதான். ஆனால் அதைப் பாதிக்குமேல் இறக்கினால் சீக்கிரம் கெட்டுவிடும் என்பதால் இருமடங்கு அளவில் வாங்க வேண்டியிருக்கும்.

பலகையைத் தெற்கு நோக்கி 10 பாகை சாய்த்தால் போதும். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்டு கடைசிவரை நம் ஊரில் உச்சிவெயில் வடக்குப் பக்கத்திலிருந்தே விழுகிறது. ஆகையால் மிகுதியாகச் சாய்ப்பதில் பயனில்லை, மழைநீர் தூசியைக் கழுவிக்கொண்டு வடிந்தால் போதும். தேங்காயோ மட்டையோ விழக்கூடிய இடத்தில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

பதில் (தோவாளை)

மேலே சொன்னது நிழலுள்ள விளைக்குச் சரி. எங்கள் பக்கம் போல வெட்டவெளியாக இருந்தால், பலகையும் விளக்கும் சேர்ந்த நல்ல கம்பங்களே போதும் என்பதையும் படிப்பவர்கள் கவனிக்க வேண்டும். குழி தோண்டும் வேலை மிச்சம். ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்றுக்குக் கம்பத்தின் அடியைக் கான்கிரீட்டில் ஊன்றியே ஆக வேண்டும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் என்ன செய்தது என்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மாடியில் வைக்கிற பலகையையும் செங்கல்லை அண்டைகொடுத்து நிறுத்தாமல், போல்ட் போட்டு முடுக்குங்கள்.

பதில் (மார்த்தாண்டம், ஆசிரியை)

வெளிச்சத்தின் நிறத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நீலம் கலந்த வெள்ளை ஒளி பூச்சிகளை மிகுதியாக இழுக்கும். பூச்சியைத் தேடித் தவளை வரும், தவளையைத் தேடிப் பாம்பு வரும். ஆகவே, ஒளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் அளவில் 3000-க்கு மேற்படாத மஞ்சள் ஒளியைத் தேர்ந்தெடுங்கள். விளக்கு முழங்கால் உயரத்தில் இருந்து, ஒளி கீழ்நோக்கித் தரையில் மட்டும் விழ வேண்டும். கண்ணில் அடிக்கிற ஒளி அதற்கு அப்பாலுள்ள இருட்டை மேலும் இருட்டாக்கிவிடும். விளக்கைக் கண்டு பாம்பு விலகிப் போகும் என்று நம்ப வேண்டாம். அது கிடப்பதை அம்மா நாலடிக்கு முன்பே பார்த்துவிட வேண்டும், அதற்காகத்தான் இந்த விளக்கு.

கேள்வி கேட்டவர் (அருமனை)

மிக்க நன்றி. அண்ணன் சொன்ன முறையிலேயே செய்கிறேன். எங்கள் மாடியில் காலை பத்து மணிவரை பலாமர நிழல் விழுகிறது. தொழுவத்தின் கூரையில் நல்ல வெயில் உண்டு, ஆனால் அது வீட்டிலிருந்து 20 மீட்டர் தள்ளி இருக்கிறது. பலகையை அங்கே வைக்கலாமா? கல் பதிக்கும் கொத்தனாரிடம் என்ன சொல்ல வேண்டும்?

பதில் (மணவாளக்குறிச்சி, மின்பணி செய்பவர்)

தாராளமாக வைக்கலாம். பலகையிலிருந்து வீட்டுக்கு வருகிற கம்பி 4 சதுர மில்லிமீட்டர் தடிமனில் இருந்தால் இழப்பு பொருட்படுத்தும்படி இராது. பேட்டரியைத் தொழுவத்தின் ஈரத்தில் வைக்காமல், வீட்டுத் திண்ணையில் காற்றோட்டமுள்ள பெட்டிக்குள் வையுங்கள். அதன் நேர்முனையை ஒட்டியே 5 ஆம்பியர் பியூஸ் ஒன்று கட்டாயம் வேண்டும். பாதைக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போதும்.

கொத்தனாரிடம் முதலில் சொல்ல வேண்டியது, கல் பதிக்கும் முன்பே பிவிசி குழாயைப் புதைத்துவிட வேண்டும் என்பதுதான். பாதையோரம் மரச்சீனி (மரவள்ளி) நடுகிற வழக்கம் உங்கள் வீட்டிலும் இருக்கும். கிழங்கு தோண்டி எடுக்கும்போது மண்வெட்டி எட்டாதபடி குழாய் ஓரடிக்குக் கீழே, பாதையின் விளிம்பை ஒட்டிச் செல்லட்டும். பெருச்சாளி கடிக்காமல் இருக்கவும் குழாய் வேண்டும். பிறகு கம்பியை இழுப்பதற்காக உள்ளே ஒரு நைலான் கயிற்றையும் விட்டுவையுங்கள். இணைப்புகள் எதையும் மண்ணுக்குள் செய்யாமல் ஒவ்வொரு விளக்கின் கம்பத்துக்குள்ளேயே செய்து, சூடாக்கினால் சுருங்கும் உறை போட்டு மூடுங்கள். கல்லின் மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கட்டும். வழுவழுப்பான கல்லில் ஒரே மழைக்காலத்தில் பாசி பிடித்துவிடும். தண்ணீர் தேங்காதபடி பாதை ஒரு பக்கமாக மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் சரிந்திருக்க வேண்டும்.

இணைக்கும்போது, கட்டுப்பாட்டுக் கருவியில் முதலில் பேட்டரி, அடுத்து பலகை, கடைசியில் விளக்குகள். கழற்றும்போது இதற்கு நேர்மாறு. கருவியில் பேட்டரி வகையை லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்று மாற்றி வைத்த பிறகே பலகையை இணையுங்கள். மண் வேலையை மே மாதத்துக்குள் முடித்துவிட்டால், ஜூன் மழையில் குழாய்க்குள் தண்ணீர் இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுக் கம்பியை இழுக்கலாம்.