புதுப்பிப்பு: கர்ப்பத்தின் 32ஆம் வாரத்தில் உள்ளங்கை, உள்ளங்கால் அரிப்பு – காரணம் பைல் ஆசிட்

கர்ப்பமாக இருந்த தங்கைக்குத் தடிப்பே இல்லாமல் உள்ளங்கை, உள்ளங்காலில் அரிப்பு, ராத்திரியில் தூங்கவிடாத அளவுக்கு என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "கலமைன் தடவிக்கொண்டு இருக்காதீர்கள், ரத்தத்தில் பைல் ஆசிட் பாருங்கள்" என்று ஒருவர் எழுதியதுதான் கைகொடுத்தது. பைல் ஆசிட் என்பது கல்லீரல் சுரக்கும் பித்த அமிலம்; கர்ப்பத்தில் அது ரத்தத்தில் தேங்கும் கர்ப்பகால பித்தத் தேக்கம்தான் தங்கைக்கு இருந்தது.

எதிர்பாராதது, கல்லீரல் பரிசோதனையான எஸ்.ஜி.பி.டி. நார்மலாகவே வந்தது. அதோடு விட்டிருந்தால் தவறிப்போயிருக்கும். பைல் ஆசிட் லிட்டருக்கு 46 மைக்ரோமோல். கர்ப்பத்தில் 19-க்கு மேல் போனாலே கவனிக்க வேண்டும். 100-ஐத் தொட்டால் குழந்தை வயிற்றிலேயே இறக்கும் அபாயம் தெளிவாகக் கூடுகிறது. அளவு திடீரென ஏறக்கூடும் என்பதால் வாராவாரம் பார்த்தார்கள். உர்சோடியாக்சிகோலிக் மாத்திரை அரிப்பைக் கொஞ்சம் தணித்தது, அவ்வளவுதான். குழந்தைக்கு அதுவே காப்பு என்று இருந்துவிடக் கூடாது. 38ஆம் வாரத்தில் வலி வரவழைத்துப் பிரசவம். இருவரும் நலம், அரிப்பும் போய்விட்டது.

தேடி வருபவர்களுக்கு: ஸ்கேனும் சி.டி.ஜி.யும் (குழந்தையின் இதயத்துடிப்புப் பதிவு) நன்றாக இருப்பது இதில் உத்தரவாதம் இல்லை. குழந்தையின் அசைவு குறைந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கிளம்புங்கள். மலம் வெளுத்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே தேவைப்படலாம். அடுத்த கர்ப்பத்திலும் இது திரும்ப வர வாய்ப்பு அதிகம். முதல் செக்கப்பிலேயே சொல்லிவிடுங்கள்.