செருப்பு ஸ்டாண்ட் பக்கவாட்டில் ஆடுகிறது, எப்படி நிறுத்துவது?

கேள்வி (திருவொற்றியூர்):
வணக்கம். வாசல் நடையில் வைக்க மூன்று தட்டு செருப்பு ஸ்டாண்ட் ஒன்று வீட்டிலேயே செய்திருக்கிறேன். அகலம் இரண்டரை அடி, ஆழம் ஒரு அடி, உயரம் இரண்டு அடி. கால்கள் இரண்டு அங்குல ரீப்பர். இரு பக்கமும் மீதமிருந்த பிளைவுட்டை அடித்து மூடினேன். தட்டுகளுக்குப் பேக்கிங் பலகையை அறுத்து, இடைவெளி விட்டுப் பட்டைகளாக அடித்திருக்கிறேன்.

முன்னும் பின்னும் அசைத்தால் உறுதியாக நிற்கிறது. இடம் வலமாகத் தள்ளினால்தான் அப்படியே சரிகிறது. மூட்டுக்கு மூட்டு இன்னும் ஆணி அடித்தும் ஆட்டம் குறையவில்லை, இரண்டு பட்டைகள் நுனியில் பிளந்ததுதான் மிச்சம். கடற்கரைப் பக்கம் என்பதால் ஆணித் தலைகள் இப்போதே துருப்பிடிக்கின்றன. அம்மா வெளியே கிளம்பும்போது இதைப் பிடித்துக்கொண்டுதான் செருப்பு மாட்டுவார். அதனால் ஆட்டம் துளியும் இருக்கக் கூடாது.

பதில் (ராயபுரம்):
எத்தனை ஆணி அடித்தாலும் இது நிற்காது சார். நாலு கட்டை சேர்ந்த சட்டம் மூட்டுகளில் மடங்கிச் சாயும். குறுக்கே ஒரு கட்டை போட்டு முக்கோணமாக்கிவிட்டால் சாயாது. பக்கங்களில் நீங்கள் அடித்த பிளைவுட் அந்த வேலையைச் செய்கிறது, அதனால்தான் முன்பின் ஆட்டம் இல்லை. பின்பக்கம் திறந்து கிடக்கிறது.

ஸ்டாண்டைக் குப்புறப் படுக்க வையுங்கள். பின்பக்கம் மூலைக்கு மூலை டேப் பிடித்துப் பாருங்கள். உங்கள் அளவுக்கு ஏறக்குறைய 38 அங்குலம் வரும். இரண்டு குறுக்களவும் ஒன்றாக வரும்வரை தள்ளிச் சரிசெய்து, அந்த நிலையிலேயே 6 மி.மீ. பிளைவுட்டை ஃபெவிகால் தடவி முடுக்குங்கள். சுற்றிலும் ஐந்தாறு அங்குலத்துக்கு ஒரு ஸ்க்ரூ போதும்.

கேட்டவர்:
பின்பக்கத்தை மூடிவிட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த ஷூ எப்படிக் காயும்? காற்று வேண்டுமே.

பதில் (ராயபுரம்):
அப்படியென்றால் ஒரு காலின் அடியிலிருந்து எதிர்க் காலின் உச்சிவரை சாய்வாக ஒரே பட்டை. நடுவில் தட்டுகளைத் தொடும் இடங்களிலும் ஸ்க்ரூ போடுங்கள். இரு நுனியிலும் இரண்டிரண்டு ஸ்க்ரூ பிடித்திருந்தால் எந்தப் பக்கம் தள்ளினாலும் தாங்கும். எனக்கும் இதுதான் சரியாகப் படுகிறது.

பதில் (காசிமேடு):
தம்பி, பிளந்த பட்டைகளை மாற்றிவிடு, ஒட்டிப் பயனில்லை. பேக்கிங் பலகை பெரும்பாலும் பைன், நுனியில் ஆணி இறங்கினால் நார் வழியே பிளந்துகொள்ளும். 4 மி.மீ. ஸ்க்ரூவுக்கு முதலில் 3 மி.மீ. பிட்டால் துளை போடு. நுனியிலிருந்து ஒரு அங்குலமாவது உள்ளே தள்ளிப் போடு. கட்டையின் வெட்டுமுகத்துக்குள் போகும் ஸ்க்ரூ பிடிப்பதில்லை, நாளடைவில் கழன்றுவிடும். பட்டையின் மேலிருந்து அடிக்கட்டைக்குள் இறங்க வேண்டும்.

உப்புக் காற்றில் இரும்பு ஆணி துருப்பிடித்து மரத்தையும் கறையாக்கிவிடும். 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ கேட்டு வாங்கு, விலை கூடினாலும் பரவாயில்லை. அப்புறம், கால்களின் அடிப்பகுதிதான் தண்ணீரை உறிஞ்சும். அங்கே வார்னிஷை இரண்டு மூன்று முறை ஊறவிட்டு, ரப்பர் புஷ் மாட்டு.

பதில் (தண்டையார்பேட்டை):
பலகையில் முத்திரை இருந்தால் பாருங்கள். எச்.டி. என்றால் மரத்தின் உட்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றிப் பூச்சியைக் கொன்றது. எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு புகையடித்தது, அதை வீட்டுக்குள் வைக்காதீர்கள். சிறு ஓட்டையிலிருந்து மாவு கொட்டினாலும் அந்தப் பலகை வேண்டாம்.

கேட்டவர்:
எச்.டி. என்றுதான் இருக்கிறது. சாய்வுப் பட்டை போட்டுவிட்டேன், இடம் வலமாகத் தள்ளினாலும் அசையவில்லை. எல்லோருக்கும் மிக்க நன்றி. இனி அம்மா தைரியமாகப் பிடிக்கலாமா?

பதில் (காசிமேடு):
அவசரப்படாதே தம்பி. ஸ்டாண்ட் ஆடாமல் இருப்பது வேறு, கவிழாமல் இருப்பது வேறு. ஆழம் ஒரு அடிதான், எடையும் குறைவு. ஒரு காலைத் தூக்கிக்கொண்டு அம்மா முழு பாரத்தையும் கொடுத்தால் ஸ்டாண்டே அவர் பக்கம் சாயும். மேல் தட்டுக்கு அடியில் இரண்டு எல் ஆங்கிள் வைத்து, சுவரில் பிளக் போட்டு முடுக்கு. வாடகை வீடென்றால் ஓனரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். முடிந்தால் அம்மாவின் இடுப்பு உயரத்தில் சுவரில் தனியாக ஒரு ஸ்டீல் கைப்பிடியும் போட்டுவிடு. அவர் பிடிக்க வேண்டியது அதைத்தான்.