புதுப்பிப்பு: டெட் ஸ்பேஸ் 3 திகில் வீடியோ கேமை ஒருவழியா முடிச்சாச்சு

முதல் ரெண்டு பாகத்துல இருந்த பயம் இதுல இல்லைன்னு போன வாரம் பாதியில நிறுத்திட்டுப் புலம்பியிருந்தேன். ரெண்டு பேரா ஆடிப் பாருன்னு சொன்னீங்க. நண்பனை ஆன்லைன்ல இழுத்து, ரெண்டாவது ஆளுக்கான பாத்திரம் கார்வரா ஆட விட்டேன். நீங்க சொன்னது சரி. கார்வருக்கு மட்டும் தெரியுற பிரமைகள் இருக்கு. அவன் "அங்க பாருடா"ன்னு கத்துறான், என் திரையில வெறும் சுவர்! அந்த இடம் மட்டும் அசத்தல்.

ஆனா அடிப்படைக் குறை அப்படியேதான். 2008, 2011 பாகங்கள்ல பிளாஸ்மா கட்டர்ங்கிற ஆயுதத்துக்கு எத்தனை தோட்டா மிச்சம்னு எண்ணிக்கிட்டே நடப்போம். 2013-ல வந்த இதுல எல்லாத் துப்பாக்கிக்கும் ஒரே வகைத் தோட்டா, பை நிறையக் கிடக்கு. அரக்கர்களோட கை காலைக் குறிபார்த்து வெட்டுற பதற்றமே போச்சு. அப்புறம் பயம் எங்கேருந்து வரும்? கதையில வர்ற பனிக்கிரகம் பார்க்க நல்லாத்தான் இருக்கு.

இப்போ இதோட கூடுதல் பகுதி 'அவேக்கன்ட்' இறங்கிட்டிருக்கு.