சூறாவளியின் பாதையைச் சொல்கிறார்கள், பலத்தைச் சொல்ல ஏன் திணறுகிறார்கள்?

முகத்துவாரம்_போட்:
ரெண்டு வருசத்துக்கு முந்தி எங்கட பலநாள் போட்டுக்கு ஐஸ் ஏத்தி, டீசல் அடிச்சு, ஆறு பேரும் பையோட வந்து நிக்கேக்க கடலுக்குப் போக வேண்டாம் எண்டு அறிவித்தல். மூண்டு நாள் கரையில. ஐஸ் அறைக்குக் கீழால தண்ணி ஒழுகி ஓடினதைப் பாத்துக்கொண்டு இருந்தம். தாழமுக்கம் சூறாவளியா வலுக்கும் எண்டாங்கள், வலுக்கேல்ல. இப்பிடிப் பிழைச்சால் அடுத்த தரம் ஆர் நம்புறது?

செய்மதிக்_கண்:
அண்ணை, பாதையும் பலமும் வேற வேற கணக்கு. சூறாவளியைச் சுற்றிப் பல நூறு கிலோமீற்றருக்கு விரிந்திருக்கிற பெரிய காற்றோட்டம்தான் அதை இழுத்துக்கொண்டு போகும், ஆற்றில் விழுந்த தென்னோலை போல. அந்த ஓட்டத்தைக் கணினி மாதிரிகள் நன்றாகப் பிடிக்கின்றன. பலம் அப்படியல்ல. கடல் 26.5 பாகைக்கு மேல் சூடாக இருந்தாலும், கீழ்க்காற்று ஒரு பக்கமும் மேல்காற்று இன்னொரு பக்கமும் வீசினால் முகில்கூட்டம் சரிந்து மையம் வெறுமையாகிவிடும். அத்திலாந்திக்கில் அமெரிக்கர்கள் புயலுக்குள்ளேயே விமானத்தை விட்டு அளக்கிறார்கள். வங்காள விரிகுடாவில் வழமையாக அப்படி ஒன்றும் பறப்பதில்லை. செய்மதிப் படத்தில் முகில் சுருண்டிருக்கிற விதத்தைப் பார்த்து காற்றின் வேகம் இத்தனை நொட் என்று மதிக்கிறார்கள். டுவோராக் முறை என்பது அதுதான். இன்றைய பலமே மதிப்பீடு என்றால் நாளையது எப்படி?

முகத்துவாரம்_போட்:
அப்ப தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்லட்டும். டீவியில ஒரு கோடு கீறிக் காட்டினா நான் அந்தக் கோட்டைத்தான் பாப்பன்.

செய்மதிக்_கண்:
பார்க்க வேண்டியது கோட்டையல்ல, அதைச் சுற்றியுள்ள கூம்பை, மையம் எங்கெல்லாம் விலகிப் போகக்கூடும் என்று காட்டுகிற பரப்பை. 2020 டிசம்பர் 2 இரவு புரவிச் சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. பிறகு மன்னார் வளைகுடாவுக்குள் இறங்கிப் பாம்பனுக்குக் கிட்ட அசையாமல் நின்று வலுவிழந்தது. இழுக்கிற காற்று தளர்ந்தால் இப்படித்தான். ஆனால் உங்கள் மூன்று நாளுக்காக எச்சரிக்கையைத் தளர்த்தச் சொல்வதை என்னால் ஏற்க முடியாது. என் அம்மம்மா மட்டக்களப்பு. 1978 நவம்பர் சூறாவளியில் கூரை பறந்த பிறகு, விடியும்வரை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றவர்.

வெல்லம்பிட்டி_சுவர்:
ரெண்டு பேரும் காத்தைப் பத்தியே பேசுறீங்க. கொழும்புல எங்களை மூழ்கடிச்சது காத்தா? 2016 மே மாசம் கேகாலைப் பக்கம் அரநாயக்கவில மலை சரிஞ்சது 17ஆம் திகதி. ரோனு எண்டு பேர் வச்சது 19ஆம் திகதி! பேர் வைக்க 34 நொட், மணிக்கு 63 கிலோமீற்றர் காத்து வேணும். அதுவரைக்கும் அது வெறும் தாழமுக்கம், அதனால எங்க தெருவுல யாரும் கணக்கெடுக்கல. எங்க முன்னறைச் சுவரில சுவிட்சுக்கு ஒரு சாண் மேல மஞ்சள் கோடு ஒண்டு இருக்கு. மூணு தரம் பெயின்ட் அடிச்சாச்சு, மழைக்காலத்துல திரும்ப ஊறி வெளிய வருது. களனி கங்கைக்கு மேல்பக்கம் கொட்டின மழை இங்க வர நேரமெடுக்கும். வெயில் அடிச்சுக்கொண்டிருக்கும், தண்ணி வாசல்படி ஏறும். எனக்கு நொட் கணக்கு வேணாம், களனி தண்ணிய அளக்கிற நாகலகம் வீதி நீர்மானி நாளைக்கு எத்தனை அடி காட்டும் எண்டு சொல்லுங்க.

செய்மதிக்_கண்:
நீங்கள் சொல்வது சரி. பலத்தையே பேசிக்கொண்டிருந்தது என் பிழை. 2025 நவம்பரில் டித்வா கரைக்கு மிகக் கிட்ட உருவாகி மெல்ல ஊர்ந்தது. காற்றால் அது பெரிய சூறாவளியே இல்லை. ஆனாலும் 600 பேருக்கு மேல் போனார்கள், பெரும்பாலும் மண்சரிவிலும் வெள்ளத்திலும். ஒன்று மட்டும்: மழை எங்கே கொட்டும் என்று சொல்லவும் மையம் போகும் வழி தெரிய வேண்டும். பாதைக் கணிப்பை ஒதுக்கிவிட்டு நீர்மானியைக் கேட்க முடியாது.

வெல்லம்பிட்டி_சுவர்:
ஒதுக்கச் சொல்லலயே. அறிவித்தலில முதல் வரி மழையா இருக்கட்டும், காத்து ரெண்டாவது வரியில வரட்டும். பேர் வைக்கும்வரை காத்திருக்கவும் வேணாம்.

முகத்துவாரம்_போட்:
உங்களுக்கு மழை முதல் வரி, எங்களுக்குக் காத்துத்தான் முதல் வரி தம்பி. கடலில ரெண்டு நாள் தள்ளி நிக்கிற போட்டுக்கு நாகலகம் வீதி என்ன செய்யும்? கூம்பையும் எவ்வளவு சந்தேகம் எண்டதையும் தமிழிலயும் சிங்களத்திலயும் துறைமுக வாசலில ஒட்டட்டும், வாசிச்சுப்போட்டு நிப்பன். இனி நிக்கச் சொன்னால் நிப்பன்தான், அந்த அம்மம்மான்ர கதையை வாசிச்ச பிறகு வேற கதை இல்ல. ஆனா உருகின ஐஸுக்கும் ஆறு பேரின்ர மூண்டு நாள் சோத்துக்கும் ஆர் பொறுப்பு? அதை ரெண்டு பேரும் இன்னும் சொல்லேல்ல.