வலது மூளைப் பிள்ளைக்கு பி.காம். ஆகாதாம்!

ராட்டினம்: பிளஸ் டூ பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் அள்ளிவிட்டிருக்கிறார். இடது மூளை ஓங்கினால் ஆடிட்டர், இன்ஜினியர். வலது மூளைப் பிள்ளை என்றால் பி.காம். வேண்டாம், விஸ்காம் (திரை, ஊடகப் படிப்பு) சேருங்கள். அதுவும் கைரேகையை ஸ்கேன் செய்து கண்டுபிடிப்பாராம், கட்டணம் தனி. இதற்குக் கிளி ஜோசியம் மலிவு.

வாசு_வழிகாட்டி: எழுதியது நான்தான். மூளை ஆராய்ச்சியாளர் ரோஜர் ஸ்பெர்ரிக்கு 1981ல் நோபல் எதற்குக் கொடுத்தார்கள்? மூளையின் இரண்டு பாதிக்கும் வேறு வேறு வேலை என்று காட்டியதற்கு. நோபல் கமிட்டியைவிட நீங்கள் பெரிய ஆளா?

மருந்துப்பெட்டி: ஸ்பெர்ரி ஆராய்ந்தது வலிப்பு நோயாளிகளை சார். இரண்டு பாதியையும் இணைக்கும் நரம்புக் கற்றையை அறுவை சிகிச்சையில் துண்டித்திருந்தார்கள். அவர்களுக்கு இடப்பக்கம் ஒரு சாவியின் படத்தைக் காட்டினால் அது வலது மூளைக்கு மட்டும்தான் போகும், பெயர் சொல்லத் தெரியாது, ஆனால் இடது கை தடவிப் பார்த்துச் சாவியை எடுத்துவிடும். உங்களிடம் வரும் பிள்ளைகளுக்கு அந்தக் கற்றை முழுசாக இருக்கிறதல்லவா? 2013ல் யூட்டா பல்கலைக்கழகத்தில் 1,011 பேரின் மூளை ஸ்கேனை அலசினார்கள். பேச்சு பெரும்பாலும் இடது மூளையில் என்பது போன்ற வேலைப் பிரிவினை உண்டு. ஆனால் ஒரு பாதி மூளையே மொத்தமாக ஓங்கி நிற்கும் ஆட்கள் என்று ஒரு வகை தென்படவில்லை.

வாசு_வழிகாட்டி: சுற்றி வளைக்க வேண்டாம். நோபல் கொடுத்தார்களா, இல்லையா?

ராட்டினம்: கொடுத்தார்கள் சார். விஸ்காமில் ஆள் சேர்க்கவா கொடுத்தார்கள்?

சாம்பார்வடை: என் மச்சான் இடது கைக்காரன். அப்போது வலது மூளைதானே? வங்கியில் கேஷியராக இருக்கிறான். கோலப்புள்ளிகூட நேராக வைக்க வராது.

மருந்துப்பெட்டி: இடது கைக்காரர்களிலும் சுமார் 70 சதவீதம் பேருக்குப் பேச்சு இடது மூளையில்தான்.

வாசு_வழிகாட்டி: முன்பு பேலியோ டயட் விவாதத்திலும் இவர் இப்படித்தான் சதவீதமாகக் கொட்டிவிட்டுக் காணாமல் போனார். நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு வழி காட்டியவன் நான். நீங்கள் எத்தனை பேருக்குக் காட்டினீர்கள்? நோபலைப் பற்றிக் கேட்டால் மட்டும் பதிலே வராது.

மருந்துப்பெட்டி: பேலியோவில் காணாமல் போனது நானா? கடைசிப் பின்னூட்டமே என்னுடையது. போய்ப் பாருங்கள்.

தேன்மொழி: ராட்டினம் அண்ணே, விஸ்காம் என்றால் அத்தனை இளக்காரமா? நான் எடிட்டர். நொடிக்கு 24 பிரேம், ஒவ்வொன்றாக எண்ணித்தான் வெட்டுகிறோம். அதற்குக் கணக்கு வேண்டாமா?

ராட்டினம்: அம்மா தாயே, நான் இளக்காரம் பண்ணவில்லை, வாசு சாரைக் கேளுங்கள்.

வாசு_வழிகாட்டி: பார்த்தீர்களா? படைப்பாளி என்றதும் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. அசல் வலது மூளை!

தேன்மொழி: என் தலையை நீங்கள் எப்போது ஸ்கேன் செய்தீர்கள் சார்?

வாசு_வழிகாட்டி: கைரேகையை அனுப்புங்கள் மேடம், உங்களுக்கு இலவசம்.