பனிக்காலச் சுற்றுலாவில் யாரோடு பேசினீர்கள்? ஜப்பானிய மொழி மாணவர்களின் அனுபவப் பகிர்வு

நாகோயா மாணவி:

டிசம்பரின் முதல் ஞாயிறன்று ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வு முடிந்ததும் எங்கள் மொழிப் பள்ளியில் குளிர்காலச் சுற்றுலாவுக்குப் பெயர் கேட்பார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் "இந்தக் குளிரிலா? வசந்தத்தில் சகுரா, அதாவது செர்ரி, பூக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சகுரா சமயத்தில் எங்கு போனாலும் கூட்டம். கடைக்காரருக்கு நம்மை நிமிர்ந்து பார்க்கக்கூட நேரமிருக்காது. பனி கொட்டும் ஊரில் அப்படியில்லை. உள்ளே கூப்பிட்டு உட்கார வைக்கிறார்கள். உட்கார்ந்தால் பேச்சு தானாக வருகிறது. படித்த மொழி நாக்கில் பழகுவதற்கு இதைவிட நல்ல காலம் இல்லை என்பது என் கருத்து.

நாங்கள் போனது ஷிரகவாகோ என்ற மலைக்கிராமப் பகுதி, பிறகு கனசாவா நகரம். நாகோயாவிலிருந்து பஸ் வடக்கே மலையேறிப் போகும். வழியில் 10.7 கிலோமீட்டர் நீளமுள்ள ஹிதா சுரங்கம். அதற்குள் நுழையும் முன்பே பனி இருந்தது. வெளியே வந்தபோது வேலி எது, வயல் எது என்றே தெரியவில்லை.

ஷிரகவாகோவில் உள்ள ஓகிமாச்சி கிராமத்தின் காஷ்ஷோ வீடுகளைப் படத்தில் பார்க்காதவர்கள் குறைவு. கைகூப்பிய வடிவில், ஏறக்குறைய 60 பாகை சரிவுள்ள புல் கூரை. 1995இல் பக்கத்து கொகாயாமாவின் இரண்டு கிராமங்களோடு சேர்ந்து இது யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது. இதெல்லாம் பஸ்ஸிலேயே சொல்லிவிட்டார்கள். மனதில் நின்றது அப்புறம் நடந்ததுதான்.

பார்வையாளர்களுக்குத் திறந்துவிட்டிருந்த ஒரு வீட்டில், தரையில் சதுரமாக வெட்டிய இரோரி அடுப்பின் பக்கத்தில் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். விறகு புகைந்துகொண்டிருந்தது. புகைபோக்கி கிடையாது. உத்தரம், கயிறு, ஏணி எல்லாமே கரிய நிறம். உத்தரத்தைத் தொட்டுப் பார்த்தேன். விரலில் கரி ஒட்டவில்லை, மெருகேற்றியதுபோல வழுவழுப்பாக இருந்தது. "ஏன் இப்படிக் கறுத்திருக்கிறது?" என்று கேட்டேன். அந்த ஒரு கேள்விக்குப் பாட்டி அரை மணி நேரம் பேசினார்.

புகைதான் கூரைப் புல்லின் ஈரத்தை எடுக்கிறது, பூச்சியை விரட்டுகிறது, கட்டிய கயிற்றை இறுக்குகிறது. மேல்தளங்களில் முன்பு பட்டுப்புழு வளர்த்தார்கள். கூரைச் சட்டத்தில் ஆணியே கிடையாது. கயிறும், வளைத்து முறுக்கிய மரக்கிளையும்தான் அத்தனையையும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. வீடுகள் எல்லாம் ஒரே திசை பார்த்து நிற்பதைக் கேட்டோம். முகப்புகள் வடக்கும் தெற்கும் பார்ப்பதால் கூரையின் இரண்டு சரிவிலும் வெயில் பட்டுப் பனி உருகும், பள்ளத்தாக்கில் வரும் காற்றும் கூரை மேல் நேராக மோதாது என்றார். 30, 40 வருடத்துக்கு ஒருமுறை புல் மாற்ற வேண்டும். ஒரு குடும்பத்தால் ஆகிற வேலையில்லை, ஊரே சேர்ந்து செய்யும். யார் யார் எத்தனை கட்டுப் புல்லோடு வந்தார்கள் என்று எழுதி வைத்துக்கொண்டு, அவர்கள் வீட்டு முறை வரும்போது திருப்பிச் செய்வார்கள். இந்த முறைக்கு யூய் என்று பெயர். அவர் சிறுமியாக இருந்தபோது ஆண்கள் கூரையில் நிற்க, பெண்கள் கீழே பெரிய பாத்திரங்களில் சமைத்த ஒரு நாளைச் சொல்லும்போது பாட்டியின் குரலே மாறிவிட்டது.

அவர் பேசியதில் பாதி எங்களுக்குப் புரியவில்லை. ஆசிரியை குறுக்கே வந்து விளக்கப் பார்த்தார். பாட்டி கையசைத்து அவரை நிறுத்திவிட்டு, அதையே இன்னும் எளிய சொற்களில், விரலால் சாம்பலில் கோடு போட்டுக் காட்டி, மறுபடியும் சொன்னார். நாங்கள் புரிந்துகொள்ள வேண்டும் என்பதில் அவருக்கு இருந்த அக்கறையை நான் மறக்க மாட்டேன்.

கனசாவாவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கென்ரோகுஎன் தோட்டத்தில் நவம்பர் 1 அன்று யுகித்சூரி தொடங்கும். மரத்தின் நடுவே உயரமான கம்பம் நட்டு, உச்சியிலிருந்து கிளைகளுக்குக் கயிறு இழுத்துக் கட்டுவார்கள். கராசாகி என்ற ஒரு பைன் மரத்துக்கு மட்டும் சுமார் 800 கயிறு. அந்தக் கடலோரத்துப் பனி ஈரமானது, கனமானது, கயிறு இல்லாவிட்டால் கிளை முறிந்துவிடும். "சோற்றுப் பெட்டியை மறந்தாலும் குடையை மறக்காதே" என்பது அந்த ஊர்ப் பழமொழி. ஒரே மதியத்தில் வெயில், மழை, இடி, பனி நான்கையும் பார்த்துவிட்டு அதை நம்பினோம்.

ஜப்பானின் தங்கத் தாள் ஏறக்குறைய முழுவதும் அங்கேதான் தயாராகிறது. தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. கையால் தொட முடியாது, மூங்கில் இடுக்கியால் எடுப்பார்கள். பட்டறையில் ஒரு அம்மா தாளைத் தோல் மீது வைத்து, நடுவில் மெல்ல ஒரு மூச்சு ஊதினார். சுருக்கம் அத்தனையும் விலகித் தாள் படிந்துவிட்டது. பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தோம். அந்த அறையில் பேசாமல் இருப்பதுதான் மரியாதை.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள். பார்த்த இடத்தைவிட, பேசிய மனிதர்களைப் பற்றி.

*

அகிதாவில் படிக்கும் மாணவன்:

அக்கா சொன்னது அப்படியே என் அனுபவமும். "உள்ளே கூப்பிடுகிறார்கள்" என்பதற்கு யோகோத்தேயை விட நல்ல உதாரணம் கிடைக்காது.

அகிதா மாநிலத்தின் தெற்கே இருக்கிறது யோகோத்தே. வருடாவருடம் பிப்ரவரி நடுவில் இரண்டு இரவுகள் அங்கே கமகுரா விழா. (தோக்கியோவுக்குப் பக்கத்தில் பெரிய புத்தர் சிலை இருக்கும் கமகுரா ஊர் வேறு.) இது பனியில் குடைந்த சின்ன வீடு. பனியை மூன்று மீட்டர் உயரத்துக்குக் குவித்து, சில நாட்கள் இறுகவிட்டு, பிறகு உள்ளே குடைவார்கள். சுவரில் நீர்க் கடவுளுக்கு ஒரு மாடம். தரையில் பாய், கரி அடுப்பு, அதில் மோச்சி என்ற அரிசிப் பலகாரத்தை வாட்டிக்கொண்டு பிள்ளைகள்.

விழாவை நடத்துவதே அந்தப் பிள்ளைகள்தான். நாம் தெருவில் போனால் "ஹைத்தே தான்ஸே" என்று அகிதாப் பேச்சில் உள்ளே அழைப்பார்கள். பூட்ஸைக் கழற்றிவிட்டுக் குனிந்து நுழைய வேண்டும். முதலில் மாடத்தில் காசு வைத்துக் கும்பிட வேண்டும். அப்புறம் கையில் சூடான அமாஸாகே. அரிசியில் செய்த இனிப்பான பானம், பிள்ளைகளும் குடிப்பது.

எங்கள் குழுவில் பெரும்பாலோர் என்-4 நிலை, அதாவது ஜேஎல்பிடியின் ஐந்து நிலைகளில் கீழிருந்து இரண்டாவது. அதுவரை வகுப்பில் வாய் திறக்காத வியட்நாம் நண்பன் ஒருவன் அந்தப் பனிவீட்டுக்குள் உட்கார்ந்து மூச்சு விடாமல் பேசினான். எதிரில் இருந்தது எட்டு வயதுப் பெண்ணும் அவள் தம்பியும். பிள்ளைகளுக்கு மரியாதை வினைச்சொல் எதுவும் வேண்டாம். "உங்கள் ஊரில் பனி பெய்யுமா?" என்று என்னைக் கேட்டார்கள். பெய்யாது, மதுரையில் மே மாதம் 40 டிகிரி தாண்டும் என்றேன். அந்தப் பையன் அடுப்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அப்போது வெளியே விளையாட மாட்டீர்களா?" என்று கவலையோடு கேட்டான். விளையாடுவோம், சாயந்திரம் என்றேன். அவனுக்கு நிம்மதி.

வாசலில் நின்ற அவர்கள் அப்பாவிடம் பேசினேன். அவரும் சின்ன வயதில் இதேபோல உட்கார்ந்து வருவோரை அழைத்தவராம். சுமார் 450 வருடப் பழக்கம் என்கிறார்கள். ஜெர்மன் கட்டடக் கலைஞர் புரூனோ டவுட் 1936இல் இந்த விழாவைப் பார்த்து வியந்து எழுதியதை ஊர்க்காரர்கள் இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். அதற்கு முந்தைய வருடமே அந்த மனிதர், அக்கா சொன்ன ஷிரகவாகோவுக்கும் போயிருக்கிறார்.

சப்போரோ பனி விழா இன்னும் பெரியது, எனக்கும் தெரியும். 1950இல் உள்ளூர்ப் பள்ளி மாணவர்கள் ஓதோரி பூங்காவில் ஆறு பனிச்சிலை செய்து தொடங்கியது. சிலைகள் பிரமாதம். ஆனால் மொழி மாணவர்களுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் யோகோத்தேவைத்தான் சொல்வேன். சிலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்துவிடலாம், இங்கே ஒரு பிள்ளை கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

*

ஒசாகாவிலிருந்து:

சைவம் சாப்பிடுகிறவர்கள் சுற்றுலா என்றாலே தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். தயக்கம் நியாயமானது. காய்கறி சூப் என்று கொடுப்பதிலும் காய்ந்த மீன் சாறு இருக்கும். அவர்களுக்கு கோயாசான்.

வகயாமா மலைமேல், சுமார் 800 மீட்டர் உயரத்தில், கூக்காய் என்ற துறவி 816இல் அமைத்த தலம். கோயில்களிலேயே தங்கலாம். சாப்பாடு ஷோஜின் ர்யோரி. மீன், இறைச்சி கிடையாது, வெங்காயம் பூண்டும் கிடையாது. சாறு கடற்பாசியிலும் காளானிலும் எடுப்பது. உறைபனியில் வைத்து உலர்த்திய கோயா தோஃபு கட்டாயம் இருக்கும். மலைக்குளிரில் பிறந்த உணவு அது. ஜப்பான் வந்தபிறகு கேள்வி எதுவும் கேட்காமல் நான் தட்டு முழுவதும் சாப்பிட்டது அங்கேதான்.

விடியற்காலைப் பூசையில் கோமா நடந்தது. நெருப்பு, நெய்க்குப் பதில் எண்ணெய், அடுக்கிய குச்சிகள், மந்திரம். நம் ஹோமம் சீனா வழியாக அங்கே போய்ச் சேர்ந்த வடிவம்தான். முடிந்ததும் இளம் துறவி ஒருவரிடம் நான் இந்தியா என்றேன். வெளியே பனியில் கூட்டிப்போய் ஒரு ஐந்தடுக்குக் கல் கோபுரத்தைக் காட்டினார். அடியில் சதுரம், அதன்மேல் உருண்டை, முக்கோணம், பிறை, உச்சியில் ரத்தின வடிவம். நிலம், நீர், நெருப்பு, காற்று, வெளி. ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து, பிராமியிலிருந்து வந்த சித்தம் எழுத்து. கையுறையால் பனியைத் துடைத்துத் துடைத்து "அ, வ, ர, ஹ, க்க" என்று கீழிருந்து மேலே வாசித்தார். நானும் சேர்ந்து சொன்னேன். பஞ்சபூதம் என்று எங்கள் ஊரிலும் ஐந்துதான் என்றேன். சிதம்பரம், திருவண்ணாமலை என்று ஐந்துக்கும் ஐந்து கோயில் இருப்பதைச் சொன்னதும் சட்டைப்பையிலிருந்து சிறு நோட்டை எடுத்து ஊர்ப் பெயர்களை, வெளிநாட்டுச் சொற்களுக்கான கதகானா எழுத்தில் எழுதிக்கொண்டார்.

ஒக்குனோயின் என்ற இடுகாட்டு வழி இரண்டு கிலோமீட்டர், இரண்டு லட்சத்துக்கு மேல் கல்லறைகள், வானுயர்ந்த சுகி என்ற ஊசியிலை மரங்கள். கூக்காய் 835இல் தியானத்தில் அமர்ந்தார், இன்னும் அமர்ந்திருக்கிறார் என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் தினமும் காலை 6 மணிக்கும் 10.30க்கும் துறவிகள் மரப்பெட்டியில் அவருக்கு உணவு சுமந்து போகிறார்கள். பனி, மழை எதற்கும் நிற்பதில்லை. கடைசிப் பாலத்துக்கு அப்பால் படம் எடுக்கக் கூடாது. தயவுசெய்து எடுக்காதீர்கள்.

*

தோக்கியோ:

எங்கள் பள்ளியில் சுற்றுலாவே இல்லை. இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். டிசம்பர் கடைசியில் பல பேட்டைகளில் இரவு நேரத்தில் மரக்கட்டைகளைத் தட்டிக்கொண்டு "ஹி நோ யோஜின்", அதாவது நெருப்பு ஜாக்கிரதை, என்று கூவிப் போவார்கள். எங்கள் தெருப் பெரியவர்களிடம் நானும் வரலாமா என்று கேட்டேன். ஒரு விளக்கைக் கையில் கொடுத்தார்கள். சுற்றி முடித்ததும் சமூகக் கூடத்தில் சூடான சூப். அண்டை வீட்டுக்காரர்களின் பெயர் எனக்குத் தெரிந்தது அன்றுதான்.

*

சென்னையிலிருந்து:

ஏப்ரலில் நாகோயா வருகிறேன். இப்போது என்-5தான். அடுத்த குளிருக்குள் இப்படிப் பேச முடியுமா? என்ன உடை எடுத்து வர வேண்டும்?

*

நாகோயா மாணவி:

தங்கை, தாராளமாக முடியும். "ஏன்", "எப்போதிலிருந்து", "யார் செய்தது" என்ற மூன்று கேள்வியும், "இன்னொரு முறை மெதுவாகச் சொல்லுங்கள்" என்பதும் தயக்கமில்லாமல் வந்தால் போதும். மீதியை எதிரில் இருப்பவர் பார்த்துக்கொள்வார்.

கனத்த கோட்டை ஊரிலிருந்து சுமந்து வர வேண்டாம், இங்கே பழைய துணிக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். செருப்புக் கடையில் மட்டும் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். அடி வழுக்காத, சீக்கிரம் கழற்றி மாட்டக்கூடிய பூட்ஸ் வேண்டும். கோயில், வீடு, விடுதி என்று நாள் முழுவதும் கழற்ற வேண்டியிருக்கும். கிழியாத கனத்த சாக்ஸ் இரண்டு மூன்று ஜோடி. உடையில் ஒட்டிக்கொள்ளும் கைரோ என்ற சூட்டுப் பொட்டலம் எந்தக் கன்வீனியன்ஸ் கடையிலும் விற்கும்.

ஷிரகவாகோவில் இரவு விளக்கேற்றும் நாட்கள் ஜனவரி, பிப்ரவரியில் சிலதான், முன்பதிவு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். என்னைக் கேட்டால் சாதாரண வாரநாள் காலையிலேயே போங்கள். கூட்டம் குறைவு, இரோரி பக்கத்தில் இடம் கிடைக்கும். பெரும்பனி பெய்தால் நெடுஞ்சாலையை மூடிவிடுவார்கள், அதனால் திரும்பும் நாளுக்கு மறுநாள் தேர்வோ பகுதிநேர வேலையோ வைத்துக்கொள்ளாதீர்கள். வந்ததும் இங்கே ஒரு வரி எழுதுங்கள், சேர்ந்தே பெயர் கொடுக்கலாம்.